நனையாத அட்டை

அத்தியாயம் ஒன்பது

கக்கூசுக் குழி வெட்டும்போது நிலத்துக்குள்ளிருந்து நீலப் பீப்பாய் கிளம்பி இன்றோடு பன்னிரண்டு நாள். அதற்குள் இருந்த முப்பத்தொரு சித்திரக்கதைப் புத்தகங்களுக்கு ஐந்து லட்சம் தருவதாக வவுனியாவிலிருந்து ஒருவர் போனில் சொல்லி ஆறு நாள். அந்த ஆறு நாளாகச் சிலாவத்தையில், ஸ்ரீபன் வீட்டில், ஒருவரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

புத்தகங்கள் ஸ்ரீபனின் தம்பி அனிஸ்ரனுடையவை. எண்பதுகளில் இந்தியாவிலிருந்து சாரமும் சவர்க்காரமும் ஏற்றிவந்த வள்ளங்களில் மாதம் ஒன்றாக வந்து சேர்ந்த 'வாள்வீரன் செங்கோடன்'. முதலாம் இதழ் தொடக்கம் முப்பத்தோராம் இதழ் வரை ஒன்றும் தவறாமல். 2009 தையில் போருக்குப் பயந்து ஊர் எழும்பி ஓடியபோது, பீப்பாய் மூடிக்குச் சைக்கிள் ரியூப் சுற்றி இறுக்கி, அனிஸ்ரன்தான் அதை மண்ணுக்குள் தாட்டான். எடுக்க அவன் வரவில்லை.

ஸ்ரீபனின் வள்ளம் ஒன்றரை வருடமாக எஞ்சின் இல்லாமல் கரையில் கவிழ்ந்து கிடக்கிறது. ஐம்பத்தெட்டு வயதில் அவர் வேறொரு சம்மாட்டியின் படகில் கூலிக்குப் போகிறார். கொக்கிளாயில் தவராசா என்பவர் பாவித்த எஞ்சின் ஒன்றை விற்கிறார். விலை நாலே முக்கால் லட்சம். மகன் றஜித் கெஞ்சிக் கேட்டதால் இன்று, சனிக்கிழமை பின்னேரம் ஆறு மணிவரை வைத்திருப்பார். ஆறு தாண்டினால் நாயாற்றுக்காரன் ஒருவன் காசோடு நிற்கிறான்.

காலை எட்டு மணி. றஜித் பற்பசை நுரையைத் துப்பிவிட்டு முற்றத்திலிருந்தே கத்தினான்.

"அம்மா! வவுனியாப் பிரசாந்தன் அண்ணை இண்டைக்கே வாறாராம். பத்து மணிக்கு முல்லைத்தீவுச் சந்தியிலை நிப்பார். நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன்."

"நாளைக்குப் பூசை முடிய எண்டெல்லோ சொன்னவர்?"

"நல்லதுக்குத்தானே. காசு கையிலை விழுந்தால் அப்பிடியே கொக்கிளாய்க்கு விட்டிடுவன். ஆறு மணிக்கிடையிலை எஞ்சின் எங்கட."

எமில்டா குசினிக்குள் மீன் செதிள் உரசிக்கொண்டிருந்தாள். சந்தையில் இருபது வருடம் மீன் விற்ற கை. "வரேக்கை ரெண்டு போத்தில் சோடா வாங்கு. பச்சைத்தண்ணி குடுத்து ஐஞ்சு லட்சம் வாங்கேலாது."

"புத்தகத்தை ஒருத்தரும் தொடாதேங்கோ. அட்டைதான் விலை எண்டு பத்துத் தரம் சொல்லிப்போட்டன். ஒரு கீறல் விழுந்தால் பாதி போச்சு. ஒரு சொட்டுத் தண்ணி பட்டால் மிச்சமும் போச்சு."

மோட்டச்சைக்கிள் சத்தம் ஓய்ந்ததும் மகள் நிதர்சனா மேசையில் வெள்ளைத் துணி விரித்தாள். மீனவர் சங்கக் கந்தோரில் வேலை செய்கிறவள். சனிக்கிழமை லீவு. அலுமாரியின் கீழ்த்தட்டிலிருந்து புத்தகங்களை எடுத்து அடுக்கினாள். முப்பது இருந்தன. திரும்ப அடுக்கிப் பார்த்தாள். அப்போதும் முப்பதுதான்.

"அம்மா, முதலாவது எங்கை?"

எமில்டா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு. "அவனுக்குச் சொல்லிப்போடாதை. வந்த மனிசனுக்கு முன்னாலை காட்டுவம் எண்டு ஒளிச்சு வைச்சிருக்கிறன்."

மெத்தைக்குக் கீழே கைவிட்டு இரண்டை எடுத்தாள். ஒன்று, அட்டை கழன்ற உள்தாள்கள். மற்றது அட்டை. அதை விரித்து, இரண்டு பக்கமும் பிளாஸ்ரிக் உருக்கி ஒட்டி, ஓரத்தை நேராக வெட்டி, நாலு மூலையையும் வட்டமாக்கியிருந்தது. உள்ளே செங்கோடன் வாளை ஓங்கியபடி மினுங்கினான்.

நிதர்சனா வட்டமாக்கிய மூலையை விரலால் தடவினாள்.

"லமினேற் பண்ணிப்போட்டியளோ?"

"வியாழக்கிழமை சந்தையாலை வரேக்கை. அறுநூறு ரூபா எடுத்தவன். நடுவிலை குத்தியிருந்த கம்பி ரெண்டும் துருப்பிடிச்சுக் கிடந்தது, அதையும் கழட்டி எறிஞ்சுபோட்டுத்தான் செய்தவன். இனிக் கடலுக்கை போட்டாலும் நனையாது."

இந்த வீட்டில் லமினேற் என்பது ஒரு வருத்தம், மாறாத நோய். 2009 வைகாசியில் வட்டுவாகல் தண்ணீரைக் கடந்தபோது எமில்டாவின் பையிலிருந்த கடதாசியெல்லாம் கூழாகிப் போயிற்று. தப்பியது ஒன்றுதான், பள்ளிக்கூடத்தில் யாரோ லமினேற் போட்டுக் கொடுத்த றஜித்தின் பிறப்புப் பத்திரம். முகாமில் ஆறு மாதம் அந்த ஒரு துண்டை நீட்டி நீட்டித்தான் அவள் வரிசைகளில் நின்றாள். அன்றிலிருந்து ஞானஸ்நானப் பத்திரம், காணிப் பத்திரம், சோதனைப் பெறுபேறு, முதல் வந்த கரண்ட் பில் என்று கைக்கு வந்த எதையும் அவள் விட்டதில்லை. "அம்மாவை விட்டால் புட்டையும் லமினேற் போட்டுத்தான் தருவா" என்பது றஜித்தின் பழைய பகிடி.

"அம்மா, இது பழுதாப் போச்சு."

"என்னடி பழுது? முந்தி இருந்த மங்கல்கூடத் தெரியேல்லை."

"மங்கலோடை இருந்திருக்கோணும். அவையளுக்குக் கடையிலை இருந்து வந்தது அப்பிடியே வேணும். நாங்கள் கை வைச்சால் கிழிஞ்சதை விடக் கேவலம். ஒட்டினது, தைச்சது, வெட்டினதை ஒருத்தரும் திரும்பியும் பாக்க மாட்டினம்."

"விசர்க்கதை கதையாதை. கிழிஞ்ச வலையைப் பொத்தினால் விலை கூடுமோ குறையுமோ?"

"வலையாலை மீன் பிடிக்கலாம். இதாலை என்ன பிடிக்கிறது?"

எமில்டாவின் சிரிப்பு மெல்ல இறங்கியது. கதிரையில் உட்கார்ந்தாள். "உரிக்கேலாதோ?"

நிதர்சனா ஒரு மூலையில் நகத்தைக் கொடுத்தாள். பிளாஸ்ரிக்கோடு சேர்ந்து ஒரு பொட்டுச் சிவப்பும் உரிந்து வந்தது. கையை எடுத்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து ஸ்ரீபன் கடலால் வந்தார். நனைந்த சாரம், கையில் கூலிப்பங்கு மீன். மேசையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். நிதர்சனா நடந்ததைச் சொன்னாள். அவர் மீன் பையை நிலத்தில் வைத்தார்.

"அவனுக்குப் போன் எடுத்துச் சொல்லிப்போடாதேங்கோ. கோவத்திலை ஓடிவந்து எங்கையாவது கொண்டுபோய் அடிப்பான். வீட்டை வந்து சேரட்டும்."

கிணற்றடிக்குப் போய் உப்பைக் கழுவினார்.

பத்தே முக்காலுக்கு றஜித்தின் மோட்டச்சைக்கிளுக்குப் பின்னால் வெள்ளைக் கார் ஒன்று வந்து படலையடியில் நின்றது. பிரசாந்தன் வவுனியாவில் ஸ்ரூடியோ வைத்திருப்பவர். கல்யாணப் படம் எடுப்பது தொழில், பழைய புத்தகம் வாங்கி விற்பது அதைவிட நல்ல தொழில். நாற்பது வயதிருக்கும். கைலேஞ்சியால் விரல் விரலாகத் துடைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். சோடாவைத் தொடவில்லை.

"முதலாவதைக் கடைசியாப் பாப்பம்," என்றார். நிதர்சனா மூச்சு விட்டாள்.

மேசை மூன்று குவியலாகப் பிரிந்தது. பிரசாந்தன் ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்குச் சரித்துப் பார்த்தார்.

"இது முதுகிலை வெள்ளைக்கோடு. மடக்கி மடக்கி வாசிச்சிருக்கினம். இதிலை கூப்பன் வெட்டியிருக்கு, அரைவிலை. இது வெயில் பட்டது, சிவப்பு ரோசாப் போச்சு. இது ராமபாணப் பூச்சி அரிச்சது. இதிலை பேனையாலை பேர். இதிலையும். சீ, எல்லாத்திலையும்! ஐயா, ஆர் இந்த அனிஸ்ரன்?"

"என்ர தம்பி."

"அவர் எழுதின ஒவ்வொரு பேருக்கும் ரெண்டாயிரம் குறையும்."

"எழுதாட்டில் இண்டைக்கு இதிலை பத்துப் புத்தகமும் இராது," என்றார் ஸ்ரீபன். "ஊரிலை இரவல் வாங்கினவை ஒருத்தரும் நல்லவையில்லை."

"முதலாவதிலையும் எழுதியிருக்கிறாரோ?"

"அது இரவல் குடுக்காதது."

பிரசாந்தன் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்துகொண்டார்.

றஜித்துக்குப் பொறுக்கவில்லை. "அண்ணை, வாசிக்கத்தானே புத்தகம். ஒரு கோட்டுக்கு ஏன் இந்தக் குறைப்பு?"

"வாசிக்கிறவன் போனிலை சும்மா வாசிப்பான் தம்பி. காசு குடுக்கிறவன் திறந்தும் பாக்க மாட்டான். கனடாவிலை ஒருத்தர் இருக்கிறார், சின்னனிலை இந்தப் புத்தகத்துக்காகத் தகப்பனிட்டை அடி வாங்கினவர். அவருக்குத் தேவை அண்டைக்குக் கடையிலை கயித்திலை தொங்கின புத்தகம். கசங்கினது ஊர் முழுக்கக் கிடக்கு, வாங்க ஆளில்லை. கசங்காதது ரெண்டோ மூண்டோ, அதுக்குத்தான் அடிபிடி. சரி, முதலாவதை எடுங்கோ."

ஒருவரும் அசையவில்லை.

"எடன்," என்றான் றஜித், தங்கையைப் பார்த்து.

நிதர்சனா உள்ளே போய் இரண்டையும் கொண்டுவந்து வைத்தாள். பிரசாந்தன் இரண்டு கைகளையும் மேசையிலிருந்து மேலே தூக்கினார், சுட்டதுபோல.

"ஆர் செய்தது?"

"நான்தான்," என்றாள் நிதர்சனா.

றஜித்தின் கதிரை பின்னால் விழுந்தது. "உனக்கு விசரோடி? படிச்சனி எண்டு ஒரு கந்தோரிலை இருக்கிறாய், மண்டைக்குள்ளை என்ன களிமண்ணோ?" கை ஓங்கிவிட்டது.

"அவளிலை கை வைக்காதை!" எமில்டா குறுக்கே வந்தாள். "நான்தான் கொண்டுபோனனான். அவளுக்கு இண்டைக்குக் காலமைதான் தெரியும்."

ஓங்கிய கை அப்படியே நின்றது. தாயை அடிக்க முடியாது. ஆனால் வாய்க்கு அந்தத் தடை இல்லை.

"நல்லது அம்மா. அப்பா சாகும்வரைக்கும் மற்றவன்ர படகுதான் தள்ளப்போறார். அதையும் ஒரு படமெடுத்து லமினேற் பண்ணிச் சுவரிலை கொழுவுங்கோ."

எமில்டா கதிரையில் உட்கார்ந்தாள். அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பிரசாந்தன் தொண்டையைச் செருமினார். "இவ்வளவு தூரம் வந்திட்டன். மற்ற முப்பதுக்கும் ஒண்டு பத்துத் தாறன். அதுக்கு மேலை கேளாதேங்கோ. முதலாவது இல்லாத செற், தலையில்லாத மீன்."

ஒரு லட்சத்துப் பத்தாயிரம். றஜித் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஸ்ரீபன் தலையை ஆட்டினார், சம்மதமா இல்லையா என்று தெரியாதபடி.

பிரசாந்தன் முப்பதையும் ஒரு மட்டைப்பெட்டிக்குள் இறக்கினார். பிறகு, போகிற போக்கில் என்பதுபோல, அட்டை இல்லாத உள்தாள்களை எடுத்தார். ஒரு தரம் விரித்துப் பார்த்து வைத்தார். திரும்ப எடுத்து மணந்து பார்த்தார். "இது குப்பைதான். பெட்டிக்கை கிடக்கட்டும்," என்று மூன்றாம் முறை எடுத்து, கைலேஞ்சியால் விரலைத் துடைத்து, தன் பையிலிருந்து கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக் உறை ஒன்றை உருவினார்.

"தம்பி, அதை வையுங்கோ," என்றாள் எமில்டா.

"ஏன் அம்மா?"

"மீன் வாங்க வாறவை எல்லாரும் கதைக்கிறது சூடையைப் பற்றி. சூடை அழுகல், சூடை சின்னன், சூடைக்கு உந்த விலையோ எண்டு. கண் மட்டும் பக்கத்திலை கிடக்கிற விளைமீனிலை நிக்கும். முப்பதையும் வெறும் பெட்டிக்கை போட்டியள். குப்பைக்கு உறை எடுக்கிறியள்."

பிரசாந்தன் உறையை மெல்ல மேசையில் வைத்தார். வெளியே சேவல் ஒன்று கூவியது.

"உங்களிட்டை அட்டை இருக்கு," என்றாள் அவள். "உள்தாள்தான் இல்லை. என்ன?"

பிரசாந்தன் சிரித்தார். அன்று அவர் உண்மையாகச் சிரித்தது அந்த ஒரு தரம்தான். "பொல்லாத ஆள் அம்மா நீங்கள். ஓம், இருக்கு. அட்டை புதுசு மாதிரி. உள்ளுக்கை கறையான் திண்டுபோச்சு."

றஜித் விழுந்த கதிரையை நிமிர்த்தி உட்கார்ந்தான். "அப்ப ரெண்டையும் சேர்த்தால் முழுப் புத்தகமெல்லோ?"

"சேர்த்தால் முழுசு. சேர்த்தது எண்டு சொன்னால் பாதி." பிரசாந்தன் கதிரையை மேசைக்கு நெருக்கினார். "வளைச்சுக் கதைக்கேல்லை. சொன்ன ஐஞ்சு லட்சத்தையும் இப்பவே தாறன். ஆனால் ஒரு கடிதம் வேணும்."

கடிதம் பையிலேயே இருந்தது. நல்ல தாளில் அச்சடித்தது. முப்பத்தொரு இதழும், முதலாவது இதழ் அதன் அட்டையோடு, போர்க்காலத்தில் புதைத்த பீப்பாயிலிருந்து எடுக்கப்பட்டவை என்று அதில் இருந்தது. கீழே ஸ்ரீபனின் பெயரும் கையெழுத்துக்குக் கோடும்.

"வரமுதலே அடிச்சுக்கொண்டு வந்தனீங்களோ?" நிதர்சனா கேட்டாள்.

"முழுசா இருக்கும் எண்டு நம்பித்தான் அடிச்சனான் தங்கச்சி. மண்ணுக்குள்ளை கிடந்து தப்பினது எண்ட கதைக்கும் கனடாக்காரர் காசு குடுப்பார்."

"இப்ப அது பொய்யெல்லோ?"

"அட்டையும் உண்மை, தாளும் உண்மை."

"அப்ப ரெண்டையும் சேர்த்தனான் எண்டு சொல்லி வில்லுங்கோவன்."

"அப்ப எனக்குப் பாதி. உங்களுக்கும் பாதி. பாதிக் காசுக்குக் கொக்கிளாயான் பாதி எஞ்சின் தருவானோ?"

ஸ்ரீபன் கடிதத்தை எடுத்து, எழுத்துக் கூட்டுவதுபோல் மெல்ல மெல்ல வாசித்தார். முடித்து, திருப்பி மேசையில் வைத்தார்.

"என்ர தம்பி தாட்டது இதில்லை."

"ஒரு கையெழுத்துத்தானே ஐயா."

"அவன் இருந்து சொல்லுறதெண்டால் சொல்லலாம். அவன் இல்லை எண்டதுக்காக நான் மாத்திச் சொல்லேலாது."

"அப்பா!" றஜித் மேசையில் கையை ஊன்றினான். "செத்துப்போன சித்தப்பாவுக்கு எந்த அட்டை எண்டால் என்ன? நீங்கள் உயிரோடை இருக்கிறியள். போன கிழமை படகு தள்ளேக்கை முதுகு பிடிச்சு ரெண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து விட்டவை. அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம் எண்டு என்னட்டைக் கெஞ்சினியள். மறந்துபோச்சோ?"

எமில்டா சட்டென்று கணவனைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

றஜித்தின் போன் அடித்தது. தவராசா. மேசையைச் சுற்றியிருந்த எல்லோருக்கும் கேட்டது.

"தம்பி, நாயாற்றுப் பெடியன் எஞ்சினை ஏத்த லாண்ட்மாஸ்ரரோடை வந்து நிக்கிறான். ஆறு மணி வரைக்கும் எண்டு சொன்னதுதான், இல்லையெண்டேல்லை. ஆனால் நீ வாறியோ வரேல்லையோ, அதை இப்ப சொல்லு."

"வாறன் அண்ணை. காசோடை வாறன். கழட்ட விடாதேங்கோ."

போனை வைத்துவிட்டுப் பேனையை எடுத்தான். "குழி வெட்டினது நான். பீப்பாயைத் தூக்கினதும் நான். எடுத்தவன்ர கையெழுத்துத்தானே வேணும்? அப்பான்ர பேரை வெட்டிப்போட்டு என்ர பேரைப் போடுங்கோ."

பிரசாந்தன் ஒரு கணம் யோசித்தார். வெட்டினார், எழுதினார், திருப்பிவிட்டார். றஜித் கையெழுத்துப் போட்டான். பேனை தாளைக் குத்தி அடுத்த பக்கம் வந்தது.

"சரி," என்றார் ஸ்ரீபன். குரல் உயரவில்லை. "போய் வாங்கு. அந்த எஞ்சின் பூட்டின வள்ளத்திலை நான் ஏற மாட்டன்."

"ஏறாதேங்கோ. நான் ஓட்டுறன்."

"உனக்குக் கடல் தெரியாது."

"பழகுவன்."

பிரசாந்தன் பையிலிருந்து காசுக் கட்டுகளை எடுத்து மேசையில் வைத்தார். றஜித் கையை நீட்டியபோது, கட்டுகளின் மேல் தன் உள்ளங்கையை அழுத்தினார்.

"ஒண்டு மிச்சம். அந்த லமினேற் அட்டை. ஒரு புத்தகத்துக்கு ரெண்டு அட்டை இருக்கேலாது தம்பி. அது இந்த வீட்டிலை கிடக்கும்வரை, நீங்கள் கையெழுத்து வைச்சது பொய்யெண்டு அது சொல்லிக்கொண்டிருக்கும். தாங்கோ. போற வழியிலை எரிச்சுவிடுறன்."

எல்லோரும் எமில்டாவின் மடியைப் பார்த்தார்கள்.

"இது நீங்கள் குடுக்கிற காசுக்கை சேரேல்லை தம்பி," என்றாள்.

"அது வராட்டில் காசும் வராது அம்மா."

"தாங்கோ அம்மா," என்றான் றஜித். மெதுவாகத்தான் சொன்னான். "உதை வைச்சு என்ன செய்யப் போறியள்? ஒருத்தருக்கும் உதவாது. நீங்களே பழுதாக்கினதுதானே."

"ஓம், பழுதாக்கினது நான்தான்."

"பிறகென்ன?"

"எரிக்கத் தரமாட்டன். சண்டைக்காலத்திலை எரிஞ்சதே போதும்."

"அம்மா, நேரம் போகுது!"

அவன் குனிந்து ஒரு பக்கத்தைப் பிடித்தான். எமில்டா மறுபக்கத்தை விடவில்லை. சந்தையில் இருபது வருடம் வாளை மீனை வால் பிடித்துத் தூக்கிய கை அது. நிதர்சனா "அண்ணா, விடு!" என்று கத்தினாள். ஸ்ரீபன் எழும்பிவிட்டார். பிரசாந்தன் காசின் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

தாயும் மகனும் இழுத்தார்கள். வெறும் கடதாசி என்றால் அந்த இழுவைக்கு இரண்டாகப் போயிருக்கும், சண்டையும் அந்த இடத்தில் முடிந்திருக்கும்.

அது கிழியவில்லை.